கோப்ரா நகல் காருக்கு முன்கூட்டியே ஆயில் அழுத்தம்: என் அனுபவம்

திருநகரில் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் கோப்ரா (1960களின் ஸ்போர்ட்ஸ் கார்) நகல் கார் மாதம் இருமுறைதான் வெளியே வரும் என்பதால், ஆயில் முழுவதும் சம்பில் (இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்கிவிட, ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் முதல் சில விநாடிகளுக்கு பேரிங்குகளுக்குப் போதிய ஆயில் கிடைக்கவில்லை. எனவே, பிஸ்டனின் ஒருபுறம் காற்றும் மறுபுறம் ஆயிலும் அழுத்தத்தில் நிற்கும் அக்குமுலேட்டர் உருளை ஒன்றைப் பொருத்தினேன். ஸ்டார்ட் செய்யும் முன் அதன் கைவால்வைத் திறந்தால், அந்த ஆயில் இன்ஜினுக்குள் பாய வேண்டும். ஹோஸ்களை, ஜேசிபி இயந்திரங்களுக்குச் செய்து தரும் கடையிலேயே செய்துகொண்டேன்.

முதலில், கைவால்வைத் திறந்தும் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் அசையவே இல்லை. உருளையின் ஆயில், இன்ஜினின் பம்ப் வழியாகவே சம்புக்குத் திரும்புகிறது என்று கண்டறிய ஒரு ஞாயிறு முழுவதும் (மதுரை வெயிலில்!) கழிந்தது. பம்புக்கு அடுத்து ஒருவழி வால்வைச் சேர்த்த பின், இன்ஜின் சுழலும் முன்பே முள் 30 பிஎஸ்ஐ தொட்டது. அடுத்த ஸ்டார்ட்டுக்கு உருளையில் ஆயில் அழுத்தத்தோடு நிற்க, கைவால்வை மட்டும், அழுத்தம் இருக்கும்போதே மூடிவிட்டு, அதன் பிறகுதான் இன்ஜினை அணைக்கிறேன்.