அப்பா சட்டையில் நூல் இல்லாத நாள்: ஆங்கிலத்தில் சொந்த அனுபவம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் வளர்ந்த ஒரு மாணவி, அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்துக்காக எழுதிய கட்டுரையை என்னிடம் காட்டினாள். அவளுடைய அப்பா சின்னதாகப் பனியன் கம்பெனி நடத்தியவர். ஆர்டர் நின்றுபோய் மூடிவிட்டார். கட்டுரை இப்படித் தொடங்கியது: 'வென் மை ஃபாதர்ஸ் கம்பெனி வாஸ் க்ளோஸ்ட், ஐ வாஸ் எக்ஸ்ட்ரீம்லி டெவஸ்டேட்டட்.' இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் படித்தபோது எனக்குள் எதுவும் அசையவில்லை.

"சரிம்மா, அன்னைக்கு நீ என்ன பார்த்தே?" என்று தமிழில் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்பா நாலு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டாருங்க மிஸ். எங்க உக்கார்றதுன்னே அவருக்குத் தெரியலைங்க." அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அவர் சட்டையில எப்பவும் நூல் துணுக்கு ஒட்டியிருக்கும். அம்மா ஒவ்வொண்ணா எடுத்துப் போடுவாங்க. அன்னைக்கு ஒண்ணுமே இல்லைங்க. அம்மா சட்டையவே பார்த்துட்டு நின்னாங்க."

கட்டுரை அங்கேதான் இருந்தது. இரண்டு வருடமாக அவளுக்குள் தமிழில் பத்திரமாக இருந்த காட்சி அது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு, பள்ளியில் படித்த கனமான சொற்களைத் தேடிப் போய்விட்டாள். நம் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. நினைவு தமிழில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்காமலே பேனாவை எடுத்துவிடுகிறோம். அதனால் நான் முதலில் எல்லோரிடமும் கேட்பது ஒரு பக்கக் குறிப்பு, தமிழில், பேச்சு மொழியில். பார்த்தது, கேட்டது, முகர்ந்தது, தொட்டது மட்டும். உணர்ச்சியின் பெயரை அதில் எழுதவே கூடாது.

அந்தப் பெயர்களைத்தான் ஆங்கிலத்தில் அளவில்லாமல் பயன்படுத்துகிறோம். 'ஐ வாஸ் வெரி ஹேப்பி', 'ஐ ஃபெல்ட் சோ நெர்வஸ்' என்று எழுதினால் படிப்பவருக்குத் தகவல் கிடைக்கும், அவ்வளவுதான். இதைப் புரியவைக்க வெளிநாட்டுப் பாடம் எதுவும் வேண்டாம். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லும். மெய்ப்பாடு என்றால் உள்ளே இருப்பது உடம்பில் தெரிவது. பயம் என்று எழுதாதே, பயந்தவனின் கை என்ன செய்தது என்று எழுது. அந்த அம்மா சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அழுகை என்ற சொல்லே வரவில்லை, கவனித்தீர்களா?

அடுத்தது, கதையின் அளவு. பல அமெரிக்கக் கல்லூரிகள் ஏற்கும் காமன் ஆப் விண்ணப்பத்தில் முதன்மைக் கட்டுரைக்கு 650 சொற்கள்தான் உச்சவரம்பு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் எட்டுக் கேள்விகள் கொடுத்து நான்குக்குப் பதில் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 350 சொற்கள். இவ்வளவு சின்ன இடத்தில் எல்.கே.ஜி. சேர்ந்ததில் தொடங்கி பிளஸ் டூ வரை எழுதி வருபவர்கள் உண்டு. அப்படி எழுதினால் ஒவ்வொரு வருடத்துக்கும் நாற்பது, ஐம்பது சொல்தான் கிடைக்கும். அதில் ஒரு மனிதரைக்கூட முழுதாகக் காட்ட முடியாது. ஒரு மாலைப்பொழுது போதும். அப்பா நாலு மணிக்கு வந்ததிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை எழுதினாலே 650 சொல்லில் மூச்சு முட்டும்.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக விண்ணப்பிக்கிறவர்கள் இதே கதையை அங்கே ஒட்டிவிடக் கூடாது. 2026 சேர்க்கையிலிருந்து அங்கே மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்துகள். அந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய், அதற்கு எப்படித் தயாராகியிருக்கிறாய் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

இப்போது நான் அதிக நேரம் செலவிடும் விஷயத்துக்கு வருகிறேன்: வினைச்சொல்.

ஒருவர் எப்படி நடந்தார் என்று தமிழில் சொல்ல நமக்கு எச்சங்களும் இரட்டைக்கிளவியும் அடுக்குத்தொடரும் இருக்கின்றன. நொண்டி நொண்டி நடந்தார், விறுவிறுவென்று நடந்தார், காலை இழுத்து இழுத்து நடந்தார். வினை எங்கும் 'நடந்தார்'தான். நடை எப்படி இருந்தது என்பதை அதற்கு முன்னால் வரும் சொல் காட்டிவிடும். ஆங்கிலமோ பல இடங்களில் அந்த இரண்டையும் ஒரே வினைக்குள் வைத்திருக்கிறது. நொண்டி நடந்தால் 'லிம்ப்ட்'. காலைத் தூக்காமல் தேய்த்து நடந்தால் 'ஷஃபில்ட்'. களைத்துப்போய் பாரமாக நடந்தால் 'ட்ரட்ஜ்ட்'. நம் பிள்ளைகள் தமிழ் அமைப்பை அப்படியே கொண்டுபோய் 'ஹி வாக்ட் ஸ்லோலி ஸ்லோலி' என்றோ, 'ஹி வாக்ட் இன் எ வெரி டயர்ட் மேனர்' என்றோ எழுதுகிறார்கள். கதவைப் படீரென்று சாத்தினான் என்பது 'ஹி க்ளோஸ்ட் த டோர் வித் எ லவுட் சவுண்ட்' ஆகிவிடுகிறது. 'ஹி ஸ்லாம்ட் த டோர்' என்ற நாலு சொல்லில் கதவும் சத்தமும் கோபமும் சேர்ந்தே வந்துவிடும். டியூப்லைட் விட்டு விட்டு எரிந்ததா, 'ஃப்ளிக்கர்ட்'. பாட்டி வாய்க்குள்ளேயே எதையோ சொல்லிக்கொண்டாரா, 'மம்பில்ட்'.

ஆகவே தமிழ்க் குறிப்பில் எங்கெல்லாம் 'படபட', 'சடசட', 'மெல்ல மெல்ல' என்று வந்திருக்கிறதோ, அங்கெல்லாம் பென்சிலால் கோடு போடச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் சரியான வினைச்சொல்லைத் தேட வேண்டிய இடங்கள் அவை. உங்கள் காது ஏற்கெனவே அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறது. அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று பார்த்தால் போதும்.

வினைக்குக் கொடுக்காத உழைப்பைப் பலர் பெயரடைக்குக் கொடுக்கிறார்கள். 'மெஸ்மரைஸிங்', 'ப்ரெத்டேக்கிங்' போன்ற சொற்கள் எந்த மலைக்கும் எந்தக் கடலுக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துவது உங்கள் ஊரைக் காட்டாது. வயிற்றில் பட்டாம்பூச்சி பறந்தது, நாய் பூனையாக மழை கொட்டியது என்று மனப்பாடம் செய்த ஆங்கில மரபுத்தொடர்களும் அப்படித்தான். அதே நேரம் 'சொன்னார்' என்று பொருள் தரும் 'செட்' என்ற எளிய சொல்லை விரட்ட வேண்டாம். உரையாடல் முழுக்க 'எக்ஸ்க்ளெய்ம்ட்', 'ரிட்டார்ட்டட்' என்று மாற்றி மாற்றிப் போட்டால் பேச்சை விட்டு அந்தச் சொல்லைத்தான் கவனிக்க வேண்டியிருக்கும்.

காலக்குழப்பம் இன்னொன்று. வாய்மொழியில் நாம் "நேத்து போறேன், பார்த்தா அவர் நிக்கிறார்" என்று நடந்ததை நிகழ்காலத்தில் சொல்வோம். கதைக்கு அது உயிர் கொடுக்கும். ஆங்கிலத்திலும் முழுக் கதையையும் நிகழ்காலத்தில் எழுதலாம், தவறில்லை. ஒரு பத்தி 'வென்ட்', அடுத்த பத்தி காரணமில்லாமல் 'கோ' என்று தாவுவதுதான் சிக்கல். இதைவிட அதிகமாக நான் பார்ப்பது 'ஹேட்' படுத்தும் பாடு. நேற்று நடந்த எல்லாவற்றுக்கும் 'ஐ ஹேட் கான்', 'ஐ ஹேட் சீன்' என்று போட்டுவிடுகிறார்கள். கடந்துபோன ஒன்றுக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லத்தான் அது வேண்டும். அப்பா வீட்டுக்கு வந்தார், 'கேம்'. அதற்கு முன்பே மெஷின்களை விற்றுவிட்டிருந்தார், 'ஹேட் ஸோல்ட்'. அந்த ஒரு 'ஹேட்' சரியான இடத்தில் விழுந்தால், எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் வீட்டுக்கே வந்திருக்கிறார் என்பது தனியாகச் சொல்லாமலே புரியும்.

உரையாடலை மொழிபெயர்க்கும்போது நம் பாட்டிகள் எல்லோரும் நூறு வருடத்துக்கு முந்தைய சீமாட்டிகளாக மாறிவிடுகிறார்கள். "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டவர் 'ஹேவ் யூ ஃபினிஷ்ட் யுவர் மீல், மை டியர் கிராண்ட்சைல்ட்?' என்கிறார். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும். அந்தப் பாட்டியின் குரல் போய்விட்டதே! 'ஹேவ் யூ ஈட்டன், கண்ணு?' என்று எழுதுங்கள். கண்ணு இருக்கட்டும். அது செல்லமாகக் கூப்பிடும் சொல் என்று படிப்பவர் தானாகவே புரிந்துகொள்வார்.

அதேபோல அத்தை, மாமா, சித்தி எல்லோரும் அப்படியே வரலாம். ஆங்கிலத்தின் 'ஆன்ட்' நம் அத்தையையும் பெரியம்மாவையும் சித்தியையும் ஒரே ஆளாக்கிவிடும். முதல் முறை வரும்போது 'மை ஃபாதர்ஸ் சிஸ்டர்' என்று ஒரு சின்னத் தொடர் சேர்த்தால் போதும். இட்லி என்று எழுதிவிட்டு அடைப்புக்குறிக்குள் அரிசியும் உளுந்தும் எனப் பாடம் நடத்த வேண்டாம். அத்தை ஈரத்துணியோடு தட்டைக் கவிழ்த்தார், ஆவி அவர் கண்ணாடியில் படிந்தது என்று எழுதினால் இட்லி சாப்பிட்டே பார்க்காதவருக்கும் அது வேகவைத்த பண்டம் என்று தெரிந்துவிடும்.

நம் ஊர் ஆங்கிலத்தில் சில தொடர்கள் அங்கே வேறு பொருள் தரும் என்பதும் நினைவிருக்கட்டும். 'மை பிரதர் பாஸ்ட் அவுட் இன் 2022' என்றால் அமெரிக்கர் உங்கள் அண்ணன் மயங்கி விழுந்தார் என்று நினைப்பார். 'கிராஜுவேட்டட்' என்பதுதான் அவருக்குப் புரியும். தாத்தா 'எக்ஸ்பயர்ட்' என்று எழுதினால் தேதி முடிந்த பால் பாக்கெட் ஞாபகம் வரலாம். இறந்தார் என்று பொருள் தரும் 'டைட்' என்ற எளிய சொல் மரியாதைக் குறைவு இல்லை. 'கஸின் பிரதர்', 'நேட்டிவ் பிளேஸ்' எல்லாம் நாம் வாழும் மொழி, அவற்றுக்காக வெட்கப்படவே வேண்டாம். பேசுகிறவர் வாயில் அவை இருக்கட்டும்; கதை சொல்லும் வரிகளில் மட்டும் ஒரு முறை யோசித்துப் போடுங்கள்.

கஷ்டத்தைக் கூட்டி எழுதினால்தான் இடம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு முழுக் கட்டுரையையும் எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்; இது என் சொந்த எழுத்து என்று உறுதி சொல்லித்தான் நீங்கள் விண்ணப்பத்தை அனுப்புகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். நூல் துணுக்கு போன்ற ஒன்றை வேறு யாராலும் உங்களுக்காக யோசித்துக் கொடுக்கவும் முடியாது.

முடிவுக்கு வருவோம். பள்ளிக் கட்டுரைப் பழக்கத்தில் கடைசிப் பத்தி எப்போதும் 'ஃப்ரம் திஸ் இன்சிடென்ட் ஐ லேர்ன்ட்' என்று தொடங்கும். கடின உழைப்பு, விடாமுயற்சி, குடும்பத்தின் அருமை. இந்தச் சம்பவத்தால் நீ எப்படி மாறினாய் என்று கல்லூரிகள் கேட்பது உண்மைதான். ஆனால் அந்தப் பதில் உங்களுடையதாக மட்டும் இருக்க வேண்டும். பக்கத்து பெஞ்சுக்காரர் தன் கட்டுரையில் வெட்டி ஒட்ட முடிந்தால் அது உங்கள் பதில் இல்லை.

திருப்பூர் மாணவியிடம் அந்தப் பத்தியை அடிக்கச் சொன்னேன். தயங்கினாள். "அப்போ கடைசியில என்னங்க மிஸ் எழுதறது?" என்றாள். இப்போது நீ புதிதாக என்ன செய்கிறாய், முன்பு செய்யாததை, என்று கேட்டேன். மறுநாள் எழுதிக்கொண்டு வந்தாள்: எந்தக் கடையில் சட்டை எடுத்தாலும், விலையைப் பார்ப்பதற்கு முன்னால், உள்பக்கம் திருப்பி ஓவர்லாக் தையலைப் பார்க்கிறாளாம். தொங்கும் நூல் இருந்தால் அதை விரலில் சுற்றி, அறுக்காமல் வைத்துக்கொண்டு நிற்கிறாளாம்.