மலச்சிக்கலுக்கு ப்ரீபயாட்டிக்: கம்மியா ஆரம்பிங்க, மெதுவா ஏத்துங்க

முதல்லயே சொல்லிடறேன், ப்ரீபயாட்டிக் பேதி மாத்திரை இல்ல. ராத்திரி சாப்ட்டா காலையில போயிடும்னு நெனச்சு வாங்குறவங்கதான் ஒரு வாரத்துல டப்பாவ மூலையில போட்டுடறாங்க. இது நமக்கான சாப்பாடே இல்லங்க, பெருங்குடல்ல குடியிருக்குற பாக்டீரியாவுக்கான சாப்பாடு. சிறுகுடல்ல ஜீரணமாகாம அப்படியே கீழ இறங்கும், அங்க பைஃபிடோபாக்டீரியா மாதிரி ஆளுங்க இத புளிக்க வச்சு அசிடேட், ப்ரோபியோனேட், ப்யூட்டிரேட்னு சின்ன கொழுப்பு அமிலங்களா மாத்தும், அது குடல் அசைவுக்கு உதவும், கூடவே பாக்டீரியாவும் பெருகும். மலத்துல தண்ணிய கழிச்சுட்டு பாத்தா கால்வாசிக்கு மேல பாக்டீரியாதான், அதனால அது பெருகினா மலமும் கனமாகி இளகி வரும்.

எதுல கிடைக்கும்னா வெங்காயம், பூண்டு, கோதுமை, ஓட்ஸ், பருப்பு, பயறு, சரியா பழுக்காத வாழைப்பழம், வேக வச்சு ஆற விட்ட உருளைக்கிழங்கு. பவுடரா வேணும்னா சிக்கரி வேர்ல இருந்து எடுக்குற இனுலின்ங்கற நார்ச்சத்து. தினம் 12 கிராம் சிக்கரி இனுலின் எடுத்தா மோஷன் ஒழுங்காகும்னு சொல்லிக்க ஐரோப்பிய யூனியன் 2015ல அனுமதி குடுத்துச்சு. ஆனா அந்த 12ஐ முதல் நாளே போட்டீங்க, வயிறு உப்பி பேன்ட் பட்டன் போட முடியாது.

காலையில அரை டீஸ்பூன் இனுலின் பவுடர், வெதுவெதுப்பான தண்ணியில கலக்கி. லேசா இனிப்பா இருக்கும், கரைஞ்சிடும். ஒரு வாரம் அதே அளவு. கேஸ் தாங்குற மாதிரி இருந்தா இன்னொரு அரை டீஸ்பூன், தாங்கலன்னா முந்தின அளவுக்கே இறங்கிடுங்க. கேஸ் கொஞ்சம் வரத்தான் செய்யும், பாக்டீரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம், நாள் போக போக பெரும்பாலும் குறையும். நாலு வாரமாவது பாக்காம இது வேஸ்ட்னு முடிவு கட்டாதீங்க.

இசப்கோலும் இதுவும் ஒண்ணுன்னு நெறைய பேர் குழப்பிக்கறாங்க. இசப்கோல டம்ளர்ல போட்டு கொஞ்ச நேரம் விட்டா கொழகொழன்னு ஜெல் ஆயிடும் பாருங்க, குடலுக்குள்ளயும் அதே கதைதான், தண்ணிய புடிச்சு வச்சு மலத்த இளக்குது, பாக்டீரியா அத பெருசா தொடறதில்ல. என்ன கேட்டா மலச்சிக்கலுக்கு மட்டும்னா முதல்ல இசப்கோல், இனுலின் அப்புறம்தான். ஆனா இசப்கோலுக்கு ஒரு டம்ளர் நிறைய தண்ணி வேணும், இல்லன்னா தொண்டையிலயே அடைச்சுக்கும்.

ஐபிஎஸ், அதாவது அடிக்கடி வயித்துவலியோட மோஷன் மாறி மாறி போற குடல் கோளாறு இருக்குறவங்களுக்கு இனுலினும் வெங்காயமும் பூண்டும் வயித்துவலிய கெளப்பி விடலாம், அவங்களுக்கு பகுதியா உடைச்ச குவார் கம் (கொத்தவரை விதையில இருந்து எடுக்குற நார்) கொஞ்சம் சாந்தமானது. டாக்டர் எழுதி குடுக்குற லாக்டுலோஸ் சிரப்பும் பாக்டீரியா சாப்பிடற சர்க்கரைதான், ஆனா அது நேரடியாவே தண்ணிய இழுத்து மலத்த இளக்கும்.

அப்புறம், காலை சாப்பாடு முடிச்ச கொஞ்ச நேரத்துல குடல் தானாவே அசையும், அந்த நேரத்த போன் பாத்து வீணாக்காம டாய்லெட்ல போய் உக்காருங்க. வெஸ்டர்ன் டாய்லெட்னா காலுக்கு கீழ சின்ன ஸ்டூல் போட்டுக்கங்க.

எதுவும் அசையலன்னா சாப்பிடற மாத்திரைய கவனிங்க. இரும்புச்சத்து, கால்சியம், சில பிபி மாத்திரை, ஓபியாய்ட் வலி மாத்திரை (மார்ஃபின், டிரமடால் மாதிரி) எல்லாமே மலத்த கட்டும், ஆனா நீங்களா நிறுத்தாதீங்க. தைராய்டு குறைவும் ஒரு காரணம். ரத்தம் வந்தா, எடை காரணமில்லாம எறங்கினா, அம்பது வயசுக்கு மேல திடீர்னு ஆரம்பிச்சா பவுடர் எல்லாம் அப்புறம், நேரா டாக்டர்கிட்ட போங்க. வயிறு உப்பி வலியோட வாந்தி, கேஸ் கூட பிரியலன்னா அன்னிக்கே எமர்ஜென்சி. மலம் இளகலாதான் இருக்கு, ஆனா முக்கி முக்கியும் வெளிய வரலன்னா ஃபைபர ஏத்தி பிரயோஜனம் இல்ல, ஆசனவாய் தசை தளராம இறுகிக்கறதா இருக்கலாம், அதுக்கு பயோஃபீட்பேக்னு தனியா ஒரு பயிற்சி இருக்கு, குடல் டாக்டர்கிட்ட அத பேர் சொல்லியே கேளுங்க.