ஆற்று முகத்துவாரத்துப் பழைய ஜெட்டிகளைப் பழுதுபார்ப்பது எப்படி?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பிறை ஆற்று முகத்துவாரத்தில் நாங்கள் படகைக் கட்டி நிறுத்தும் சிறிய ஜெட்டியில் (படகுத்துறையில்) ஒருமுறை மேற்பலகைகளில் பாதியை மாற்றிச் சாயமும் பூசி முடித்தோம். அடுத்த மழைக்காலத்தில் வெளிமுனைத் தூண் ஒன்று சேற்றுக்கு மேல் இரண்டு சாண் உயரத்தில் முறிந்து, புதுப் பலகைகளையும் இழுத்துக்கொண்டு சரிந்தது. கண்ணில் படும் பலகைக்குச் செலவழித்துவிட்டுத் தண்ணீரில் நிற்கும் தூணைப் பார்க்காமல் விட்டது எங்கள் தவறு. ஆகவே இந்த வழிகாட்டி தூணில் தொடங்குகிறது.

சோதனைக்கு ஏற்றவை அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும் இரண்டு மூன்று நாள்கள். பினாங்கு நீரிணையில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி வற்றும். அந்நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய 2 மீட்டர் வேறுபாடு இருப்பதால், மற்ற நாள்களில் மூழ்கிக் கிடக்கும் தூணின் அடிப்பகுதி அப்போது வெளியே வரும். மலேசியக் கடற்படையின் நீரளவை மையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையைப் பார்த்து, முழு வற்றம் பகல் வெளிச்சத்தில் வரும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கிவிட வேண்டும். தனியாக இறங்கக் கூடாது. சேற்றில் கால் புதையாமல் நிற்க அகலமான பலகை ஒன்றும், மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளும் தேவை.

தூணில் அப்பியிருக்கும் கூரிய ஓடுள்ள கடலுயிரியான கொட்டலசைத் தடித்த கையுறை அணிந்து சுரண்டி எடுத்த பிறகு, ஒரு கிலோ சுத்தியலால் சேற்று மட்டத்திலிருந்து சாணுக்கு ஒரு தட்டாக மேலே வாருங்கள். நல்ல மரம் ‘டங்’ என்று கையைத் திருப்பி உதைக்கும். உள்ளே அரித்துப்போன மரம் ‘பொத்’ என்று அடியை விழுங்கிவிடும். ‘பொத்’ என்ற இடத்தில் திருப்புளியை அழுத்துங்கள். எங்கள் தூணில் அது பிடிவரை இறங்கியது. வெளியே இழுத்தபோது நுனியில் சாம்பல் நிறக் கூழ் ஒட்டியிருந்தது. இத்தனைக்கும் தூணின் மேற்பரப்பில் தெரிந்தவை குண்டூசித் தலையளவு துளைகள் மட்டுமே.

இது கப்பற்புழுவின் வேலை. பெயரில் புழுவாக இருந்தாலும் இது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. குஞ்சாக நுழைந்து, மரத்துக்குள்ளேயே வளர்ந்து, நீளவாக்கில் குடைந்துகொண்டே போகும். ஆற்றின் நன்னீர் அதற்கு ஆகாது என்பது உண்மைதான். ஆனால் மழைவெள்ளம் வரும்போது துளையின் வாயை அடைத்துக்கொண்டு, உப்புநீர் திரும்பும்வரை அது உள்ளேயே காத்திருக்கும். எனவே முகத்துவாரத்து ஜெட்டிக்குப் புழுப் பயம் இல்லை என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

அரிப்பு தொடக்க நிலையில் இருந்தால், கனமான பிவிசி விரிப்பைத் தூணைச் சுற்றி இறுக்கிப் போர்த்துவது மலிவான வழி. சேற்றைத் தோண்டி ஒரு முழம் கீழே தொடங்கி, உயர் ஓத மட்டத்துக்கு மேல்வரை சுற்ற வேண்டும். உள்ளே சிக்கிய நீரில் உயிர்வளி தீர்ந்ததும் புழு இறந்துவிடும். விரிப்பு கிழிந்தால் எல்லாம் வீண் என்பதால் படகு உரசும் பக்கத்தில் பழைய டயரைத் தொங்கவிடுங்கள்.

தூணின் நடுப்பகுதி மெலிந்திருந்தால், அகன்ற பிவிசி குழாயை இரண்டாகப் பிளந்து தூணைச் சுற்றிப் பொருத்தி, கம்பி கட்டி, உள்ளே கான்கிரீட் நிரப்பலாம். மேலிருந்து கொட்டினால் சிமெண்டு நீரில் கரைந்துபோகும். ஊற்றுங்குழாயை அடிவரை இறக்கி அங்கிருந்து நிரப்பினால், கான்கிரீட் நீரை மேலே தள்ளிக்கொண்டே ஏறும். கலவைக்கு முகத்துவாரத்து நீரைத் தொடவே கூடாது, அதிலுள்ள உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

முற்றிலும் கெட்ட தூணைப் பிடுங்க முயன்றால் பக்கத்துத் தூண்களின் பிடிமானமும் தளர்ந்துவிடும். அதனருகிலேயே புதியதை ஊன்றிப் பாரத்தை மாற்றுவதே நல்லது. ஜாக்கைச் சேற்றின்மேல் வைக்காமல், இருபுறமும் உள்ள நல்ல தூண்களில் இரும்பு விட்டம் ஒன்றைக் கட்டி அதன்மேல் வைத்து, குறுக்குச் சட்டத்தை விரற்கடை அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். புதுத் தூணுக்குச் ‘செங்ஙால்’ மரம் சிறந்தது, ஆனால் விலை அதிகம். (நம் வாயில் அது ‘செங்கல்’ ஆகிவிடும், மரக்கடையில் அழுத்திச் சொல்லுங்கள்.) ஊன்றும் முன் வடிகால் நீர்ப்பாசனத் துறையிடமும் கடல்துறையிடமும் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். பினாங்குத் தீவின் வெல்ட் கீ கரையில் சீனக் குலத்தார் வீடுகட்டி வாழும் குல ஜெட்டிகள் 2008இல் உலக மரபுடைமையாக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ்டவுன் பகுதிக்குள் இருப்பதால், அங்கே மாநகர் மன்றத்தைக் கேட்காமல் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள்.

கான்கிரீட் ஜெட்டியில் தேட வேண்டியது, கம்பி போகும் வழியே நீளமாக ஓடும் வெடிப்பும் துருக்கறையும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. வெடிப்பின் மேல் சிமெண்டைப் பூசி மூடுவது புண்ணின் மேல் சந்தனம் பூசுவது போலத்தான். கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தியெடுத்து, துருவை முழுதும் தேய்த்த பிறகே அடைக்க வேண்டும். அடுத்த ஓரிரு ஆண்டுகள் ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரங்களைக் கவனித்து வாருங்கள். சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் தங்கிய உப்பினால் துரு அங்கே மீண்டும் கிளம்பக்கூடும்.

மேற்பலகை எளிய வேலை. மழைநீர் வடிய இடையே சுண்டுவிரல் இடைவெளி விடுங்கள். துத்தநாகம் பூசிய போல்ட்டையும் துருவேறா எஃகுப் போல்ட்டையும் ஒரே இணைப்பில் கலக்காதீர்கள். உப்புநீரில் ஒன்று மற்றதை அரிக்கும்.

கடைசியாக, தூண்களுக்குச் சாயத்தால் எண் எழுதி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் ஒவ்வொன்றின் அடியிலும் தரை மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று மேற்சட்டத்திலிருந்து அளந்து குறித்து வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். எந்தத் தூணில் கயிறு முன்னைவிட ஒரு முழம் கூடுதலாக இறங்குகிறதோ, அதன் அடிமண்ணை ஆற்று வெள்ளம் தோண்டிக்கொண்டு போயிருக்கிறது; அங்கே கல்மூட்டைகளை அடுக்கி முடிக்கும்வரை அந்த முனையில் படகு கட்ட வேண்டாம்.