ராணுவ டிரெய்லரை கேம்பர் ஆக்குகிறீர்களா? நான் பட்டதைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்

போன மாதம் ஒருவர், பயணத்தில் உள்ளே படுத்துத் தூங்கும் கேம்பராக மாற்றத் தான் வாங்கிய பழைய ராணுவ டிரெய்லரைப் பார்க்கக் கூப்பிட்டார். வேலை பாதி முடிந்திருந்தது. சுவர் முழுக்க கிளாஸ் வூலை (கண்ணாடி இழைப் பஞ்சு) திணித்து, அதன் மேல் பளபளவென்று பிளைவுட் அடித்திருந்தார். அடித்தட்டில் இருந்த ஓட்டைகள் எல்லாவற்றையும் வெல்டிங் வைத்து மூடியாகிவிட்டது. "ஒரு பொட்டுத் தூசிகூட உள்ளே வராது சார்" என்றார் பெருமையாக. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் முதல் டிரெய்லரை முடித்த அன்று நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நட்டை முறுக்கு, விளக்கு எரிகிறதா பார், டயரில் காற்று பார் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. செய்கிற நேரத்தில் சரியாகத் தெரிந்து, ஆறு மாதம் கழித்துக் கடிக்கிற தவறுகள் மட்டும்.

பெயின்ட்டை கிரைண்டரால் சுரண்டுவது

துருவைப் பார்த்ததும் கை கிரைண்டரைத்தான் தேடும். கொஞ்சம் பொறுங்கள். 1980களிலிருந்து அமெரிக்க ராணுவம் தன் வண்டிகளுக்கு ரசாயன ஆயுதத்தைத் தாங்கும் தனிப் பூச்சு ஒன்றை அடிக்கிறது. அதன் மேல் வெல்டிங் வைத்தாலோ, சூடேற்றினாலோ நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் ஆவி வரும். அடிப்பூச்சில் குரோமியம் இருக்கலாம். அதற்கும் முந்தைய வண்டி என்றால் ஈயம். கிரைண்டர் வைத்தால் இவை தூசியாகி மூச்சில் போகும். சாதாரணத் துணி முகமூடி இதற்கெல்லாம் காணாது. வெல்டிங் வைக்கும் இடத்தில் மட்டும், திறந்த வெளியில், பெயின்ட் ரிமூவர் போட்டு ஈரமாகவே வழித்தெடுங்கள். வடிகட்டிக் குப்பி பொருத்திய முகமூடி கட்டாயம். பூச்சு உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தை ஏன் சுரண்ட வேண்டும்? ஈரமாகவே லேசாகத் தேய்த்து மேலேயே அடித்துவிடலாம்.

காற்றே புகாமல் அடைப்பது

இதைப் பற்றிப் பேசினால் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது, என் மேலேயே.

என் முதல் டிரெய்லரை முடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. துணிக் கூரையைக் கழற்றிவிட்டுத் தகரக் கூரை போட்டேன். சுவர் இரும்புக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே கிளாஸ் வூல். அடித்தட்டின் வடிதுளைகளுக்கு ரப்பர் தக்கை, அதன் மேல் சிலிக்கான். கதவுக்கு இரட்டை ரப்பர். ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் திறக்காத ரகம். குளிர் உள்ளே வரக் கூடாது என்பது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது.

முதல் குளிர்ப் பயணத்தில் விடிகாலை நாலு மணிக்கு நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. கூரை ஒழுகுகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். வீடு திரும்பியதும் கூரையின் ஒவ்வொரு இணைப்பிலும் மறுபடி சிலிக்கான் பூசினேன். அடுத்த பயணத்திலும் சொட்டியது. இன்னும் கொஞ்சம் பூசினேன். ஒரு நாள் பொறுமை போய், பட்டப்பகலில் ஹோஸ் பைப்பைப் பிடித்து அரை மணி நேரம் கூரையை நனைத்தேன். உள்ளே ஒரு துளி வரவில்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? இல்லை. மூன்று மாதம் இல்லாத ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். சொட்டிய இரவுகளில் மழையே பெய்யவில்லை என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை.

கணக்குப் போட்டால் விஷயம் எளிது. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 17 கிராம் நீராவியைப் பிடித்துவைக்கும். 5 டிகிரிக்கு இறங்கினால் 7 கிராமுக்கும் கீழே. என் டிரெய்லருக்குள் இருந்தது சுமார் 8 கன மீட்டர் காற்று, அதாவது எவ்வளவு முக்கினாலும் 136 கிராம். உள்ளே தூங்கும் இரண்டு பேர் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் அரை லிட்டராவது வெளியே விடுவார்கள். மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? எது குளிர்ந்து கிடக்கிறதோ அதன் மேல்தான் போய் உட்காரும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத் தகரம் உள்பக்கம் வியர்க்கும். கிளாஸ் வூலுக்குள் காற்று தாராளமாகப் போய்வரும் என்பதால், அதன் பின்னால் மறைந்திருக்கும் இரும்பிலும் இதேதான் நடக்கும். வியர்த்த நீரைக் கிளாஸ் வூல் பிடித்துவைத்துக்கொள்ளும். மிச்சம் வடிந்து அடித்தட்டுக்கு வரும். அங்கேதான் வழியை நான் தக்கை வைத்து அடைத்திருந்தேனே.

இதற்கும் மேலே ஒரு கூத்து. ஈரத்தைக் காயவைக்கிறேன் என்று புகைக்குழாய் இல்லாத சின்ன கேஸ் ஹீட்டரை வாங்கி ஏற்றினேன். ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதாவது குடம் குடமாக ஊற்றிவிட்டு, ஏன் நனைகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அடைத்த அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றிருக்கும். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

கடைசியில் மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் கறுப்பாகப் பூஞ்சை. ஒரு பிளைவுட் பலகையைக் கழற்றினால், பின்னாலிருந்து நனைந்த கிளாஸ் வூல் கொழகொழவென்று காலில் விழுந்தது. அடித்தட்டில் விரல் ஆழத்துக்குத் தண்ணீர், அதன் கீழே துரு. எத்தனையோ வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்தபோது போகாத இரும்பை, ஒரே குளிர்காலத்தில் நான் துரு தின்ன வைத்திருந்தேன். மொத்தத்தையும் பிய்த்துப் போட்டேன். அடித்தட்டில் பாதியை வெட்டி மாற்ற வேண்டியிருந்தது.

ராணுவக்காரன் அதைச் சாமான் ஏற்றச் செய்தான். மேலே துணி, கீழே வடிதுளை. ஈரம் வந்த வழியே போய்விடும். அதை ஆள் தூங்கும் பெட்டியாக மாற்றும்போது அந்த இரண்டு வழியையும் நாமே அடைக்கிறோம், அதற்குப் பதிலாக ஒன்றும் வைப்பதில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். நுண்ணறைகள் மூடியிருப்பதால் காற்றும் ஈரமும் உள்ளே புகாத ஃபோம் ஷீட்டை, இடையில் காற்று இல்லாதபடி இரும்போடு முழுசாக ஒட்டுவேன். சுவருக்கு மட்டும் ஒட்டிவிட்டுச் சட்டங்களை வெறுமனே விட்டால் அந்தச் சட்டங்கள் வியர்க்கும், ஆகையால் அவற்றையும் மெல்லிய ஷீட்டால் சுற்றிவிடுவேன். கூரையில் மின்விசிறி வைத்த ஒரு காற்றுப்போக்கி, எதிர் மூலையில் தரைக்குப் பக்கத்தில் காற்று உள்ளே வர ஒரு வழி. கடும் குளிரிலும் இரண்டும் கொஞ்சமாவது திறந்திருக்கும். மெத்தைக்கு அடியில் முழுப் பலகை கிடையாது, இடைவெளி விட்ட பட்டைகள்தான். சூடு வேண்டுமென்றால் புகையை வெளியே தள்ளும் டீசல் ஹீட்டர். வடிதுளைகளுக்குக் கொசுவலைத் துண்டு மட்டும். தூசி வருமே என்றால், வரட்டும், துடைத்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியும் பிளைவுட்டை ஆணியால் அறையாமல் திருகால் பிடியுங்கள். முதல் குளிர்ப் பயணம் முடிந்து வந்ததும் ஒன்றைக் கழற்றிப் பின்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை.

எடை போடாமல் கட்டுவது

ராணுவ டிரெய்லர் என்றாலே யானை பலம் என்று ஒரு நினைப்பு. அமெரிக்காவின் எம்416 கால் டன் ரகம், கரடுமுரடான தரையில் அதன் சுமை 227 கிலோதான். எம்101 முக்கால் டன் ரகத்துக்கு 680 கிலோ. கூரை, கட்டில், அலமாரி, பேட்டரி என்று ஏற்றினால் சின்னது சீக்கிரம் நிரம்பிவிடும். பெரியதில் நேர் எதிர்த் தொல்லை. அதன் லீஃப் ஸ்பிரிங், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில், முழுச் சுமைக்காகச் செய்தது, பாதிச் சுமையில் எலும்பை உலுக்கும். திருகுகள் தானாகக் கழன்று விழும். அதற்காக முதல் நாளே பட்டைகளை உருவிவிடாதீர்கள். எல்லாம் ஏற்றி, தண்ணீரும் நிரப்பி, எடை மேடையில் நிறுத்திப் பார்த்த பிறகு ஸ்பிரிங்கைத் தொடுங்கள்.

தண்ணீர்த் தொட்டியைப் பின்னால் வைக்காதீர்கள். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. பின்பாரம் கூடிய டிரெய்லர் வேகத்தில் வாலை ஆட்ட ஆரம்பித்தால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆக்சிலுக்கு மேலே, அல்லது ஒரு சாண் முன்னால் வையுங்கள்.

கேஸ் சிலிண்டரை உள்ளே வைப்பது

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. டிரெய்லரின் அடிப்பகுதியோ ஒரு தொட்டி. கசிந்தால் உங்கள் படுக்கைக்கு அடியில்தான் குளம் கட்டும். சிலிண்டரை வெளியே, இழுவைக் கம்பியின் மேல் வையுங்கள்.

24 வோல்ட்

ராணுவ டிரெய்லரின் விளக்குகள் 24 வோல்ட்டில் ஓடுபவை. பழைய ஒயர் முழுவதையும் பிடுங்கிவிட்டு 12 வோல்ட்டில் புதிதாக இழுங்கள். காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

இழுவை வளையம்

டிரெய்லரின் முன்முனையில் இருக்கும் ராணுவ வளையம், சாதாரண வண்டிகளின் பின்னால் இருக்கும் உருண்டைக் கொக்கியில் மாட்டாது. மாற்றுவதென்றால் மொத்த எடையைத் தாங்கும் போல்ட் வகையை வாங்குங்கள். தெரிந்த பையன் வெல்டிங் வைத்துத் தருவான் என்று போகாதீர்கள்.

பட்டை தேயாத டயர்

தேயவில்லை என்றால் ஓடவில்லை என்றுதான் அர்த்தம், புதுசு என்று அர்த்தமில்லை. பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 1209 என்றால் 2009ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தையது, கழற்றிப் போடுங்கள்.