வைப்பர், லைட், ஏசி, ரிவர்ஸ் சென்சார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரின் முன்கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே ஒன்றும் தெரியவில்லை என்றதும் ஏசியை இன்னும் குளிராக்கிக் கண்ணாடி மேல் அடிக்க விடுகிறோம். ஊட்டியில் இதனால் ஓரளவு பலன் கிடைக்கும். சென்னையில் மழைக்காலத்தில் இதையே செய்தால் இரண்டே நிமிடத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். ஆவி கண்ணாடியின் எந்தப் பக்கத்தில் படிந்திருக்கிறது என்று பார்க்காமல் பட்டனைத் தொடுவதுதான் முதல் தவறு.

உள்பக்கமாக ஒரு விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெளிவாக விழுந்தால் ஆவி உள்ளே இருக்கிறது. விழாவிட்டால் வெளியே.

மலையில் வெளிக்காற்று குளிர்ந்திருக்கும். காருக்குள் நாலைந்து பேர் விடும் மூச்சும், நனைந்த சட்டையும், காலடியில் ஈரமான மிதியடியும் சேர்ந்து உள்காற்றை ஈரமாக்கிவிடும். அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு உள்பக்கம் படிகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்களில் பலர் ‘குளிரில் எதற்கு ஏசி’ என்று அதை அணைத்து, ஹீட்டரை மட்டும் போட்டு, காற்றை உள்ளேயே சுழலவும் விடுவார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் கண்ணாடி மறுபடி மறுபடி மங்கும். இங்கே செய்ய வேண்டியது: கண்ணாடியை நோக்கிக் காற்று அடிக்கும் டிஃபாக் பட்டன், வெளிக்காற்று உள்ளே வரும் நிலை, புளோயர் அதிக வேகத்தில், சூடு கொஞ்சம் கூட்டி, ஏசியும் ஓட வேண்டும். ஏசியும் சூடும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச்சுருளில் காற்றின் ஈரம் நீராகி வடிந்துவிடும். அப்படிக் காய்ந்த காற்றை ஹீட்டர் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும். பெட்ரோல், டீசல் காரில் ஹீட்டருக்கான சூடு இன்ஜின் வீணாக்கும் வெப்பத்திலிருந்து வருவதால் அதற்கென்று தனியாக எரிபொருள் செலவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பல ஆட்டோமேட்டிக் ஏசி கார்களில் டிஃபாக் பட்டனை அழுத்தினாலே ஏசியும் வெளிக்காற்றும் சேர்ந்து வந்துவிடும். குமிழ் வைத்த மேனுவல் ஏசியில் ஒவ்வொன்றையும் நாமே திருப்ப வேண்டும்.

கடலோர ஊர்களில் நவம்பர், டிசம்பர் அதிகாலையிலும் மழை நேரத்திலும் நடப்பது இதற்கு நேர்மாறு. உள்ளே ஏசி கண்ணாடியை நன்றாகக் குளிர வைத்திருக்கும். வெளியே வெதுவெதுப்பான ஈரக் காற்று. குளிர்ந்த தண்ணீர் பாட்டிலின் மேல் வியர்ப்பது போல ஆவி வெளிப்பக்கம் படிகிறது. அந்த நேரத்தில் குளிர் காற்றைக் கண்ணாடி மேல் திருப்பினால் அது இன்னும் குளிர்ந்து இன்னும் வியர்க்கும். வைப்பரை ஒரு தடவை ஓட விட்டு, ஏசியை 2, 3 டிகிரி உயர்த்தி, காற்றை முகத்துக்கோ காலுக்கோ திருப்பினால் போதும்.

இரண்டு ஊரிலும் பொதுவான தவறு கையாலோ சட்டை முனையாலோ துடைப்பது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு கண்ணாடியில் தங்கி, அடுத்த முறை அங்கேதான் முதலில் மங்கும். இரவில் எதிர் வண்டி வெளிச்சமும் அதில் சிதறும். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் விடும் ஆவியாலும் உள்கண்ணாடியில் மெல்லிய படலம் உருவாகும். மாதம் ஒரு முறை சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் உள்பக்கத்தைத் துடைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பாதியாகக் குறையும். பின்கண்ணாடியில் ஓடும் மெல்லிய கோடுகள் சூடேற்றும் கம்பிகள். பழைய ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டும்போது ஒரு கோடு அறுந்தாலும் அந்த வரிசை வேலை செய்யாது. துடைப்பதானாலும் கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும்.

வெயிலில் நின்ற வண்டி

மே மாதத்தில் வெட்டவெளியில் நின்ற காருக்குள் ஏறியதும் கதவை மூடி, 16 டிகிரி வைத்து, காற்றை உள்ளேயே சுழல விடுவார்கள். வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே அதைவிட மிக அதிகம். ஏசி அந்த அடுப்புக் காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கப் பாடுபடும். நாலு கண்ணாடியையும் இறக்கி, புளோயரை வேகமாக வைத்து, ஓரிரு நிமிடம் ஓட்டுங்கள். சூடு வெளியேறிய பிறகு கண்ணாடியை ஏற்றி, உள்சுழற்சிக்கு மாற்றலாம்.

ஆட்டோமேட்டிக் ஏசியில் 24 வைத்தாலும் 16 வைத்தாலும், கார் கொதிக்கும்போது அது ஏற்கெனவே முழு பலத்தில்தான் ஓடுகிறது. 16 என்று வைத்தால் சீக்கிரம் குளிராது. 24-ஐத் தாண்டியும் நிற்காமல் குளிரும், அவ்வளவுதான். பிறகு நடுங்கி, மறுபடி கூட்டி, மறுபடி குறைத்து, தானாக நடக்க வேண்டிய வேலையைக் கையால் செய்துகொண்டிருப்போம்.

நெடும்பயணம் முழுக்க உள்சுழற்சியிலேயே வைத்திருப்பதும் நல்லதில்லை. ஐந்து பேர் மூச்சில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். ஓட்டுநருக்குக் கொட்டாவி வரும். அரை மணிக்கு ஒரு முறை சில நிமிடம் வெளிக்காற்றுக்கு மாற்றுங்கள். நின்ற காரில் கண்ணாடியை ஏற்றி, ஏசி ஓட விட்டுத் தூங்குவது இதைவிடப் பல மடங்கு ஆபத்து. புகைக்குழாயில் சின்னக் கசிவு இருந்தாலும், மூடிய ஷெட்டுக்குள் வண்டி நின்றாலும், கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும். அதற்கு மணம் கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.

ஏசியில் பழந்துணி வாடை வந்தால் வாசனை ஜெல் வாங்கி வைப்பதில் பயனில்லை. ஏசியின் ஈரமான குழாய்ச்சுருளில் பூஞ்சை பிடித்திருக்கும். இறங்குவதற்கு 4, 5 நிமிடம் முன்பு ஏசி பட்டனை மட்டும் அணைத்து புளோயரை ஓட விட்டால் சுருள் உலரும். பெரும்பாலான கார்களில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும். காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது இயல்பு. அது அடியில் சொட்டாமல் முன்சீட்டுக் காலடியில் தேங்கினால் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று பொருள்.

மழையில் ஹசார்ட் போடாதீர்கள்

நம் நெடுஞ்சாலைகளில் மழை வலுத்தாலே நாலு இண்டிகேட்டரும் கண்சிமிட்ட ஆரம்பித்துவிடும். ஹசார்ட் என்பது நின்ற வண்டிக்கான அடையாளம். ஓடும்போது போட்டால், பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா நகர்கிறீர்களா என்றே தெரியாது. பெரும்பாலான கார்களில் ஹசார்ட் எரியும்போது இண்டிகேட்டர் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. தடம் மாறுவதைச் சொல்ல உங்களிடம் வழியே இல்லாமல் போகும். நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்று காட்ட ஹசார்ட் போடும் பழக்கம் இன்னும் விபரீதம். இடப்பக்கத் தெருவில் நிற்பவருக்கு உங்கள் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் இடது பக்கம் திரும்புகிறீர்கள் என்று நம்பி அவர் வண்டியை எடுப்பார்.

மழையில் வேண்டியது ஹெட்லைட், அதுவும் டிம்மில். இங்கே ‘ஆட்டோ’வை நம்பிக் கெட்டவர்கள் பலர். டேஷ்போர்டு மேல் இருக்கும் சென்சார் வெளிச்சத்தை மட்டுமே அளக்கும். பகல் மழையில் வெளிச்சம் போதுமென்று கணக்குப் போட்டு விளக்கைப் போடாமல் விட்டுவிடலாம். சில கார்களில் வைப்பர் ஓடினால் ஹெட்லைட்டும் சேர்ந்து எரியும். பலவற்றில் அந்த வசதி இல்லை. முன்னால் பகல் விளக்கு பளிச்சென்று எரிவதையும், மீட்டர் எப்போதும் ஒளிர்வதையும் பார்த்து எல்லாம் எரிகிறது என்று நினைத்துக்கொள்வோம். பல கார்களில் பகல் விளக்கு முன்பக்கம் மட்டும்தான். பின்னால் ஒரு சிவப்புப் புள்ளிகூட இருக்காது. அதனால் மழையிலும் மாலை மயங்கும் நேரத்திலும் கையாலேயே போட்டுவிடுங்கள். அந்தச் சென்சார் மேல் பிள்ளையார் சிலையோ துணி விரிப்போ இருந்தால் பட்டப்பகலில் ஹெட்லைட் எரியும். சிலையைக் கொஞ்சம் நகர்த்தலாம். ஏர்பேக் மூடி மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

பனிமூட்டத்தில் பிரைட் போட்டால் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். எதிரே வெள்ளைச் சுவர் நிற்கும். டிம்மும் தாழ்ந்த ஃபாக் லைட்டும் போதும். பின் ஃபாக் லைட் இருந்தால், பனி விலகியதும் அணையுங்கள். பிரேக் லைட் அளவுக்குப் பிரகாசமாக இருப்பதால் பின்னால் வருபவர் குழம்புவார்.

பல கார்களில் ஹெட்லைட் சுவிட்ச் அருகே 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் உண்டு. கார் வாங்கியதிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். ஐந்து பேரும் டிக்கி நிறையப் பையும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் இறங்கும், மூக்கு மேலே தூக்கும். டிம்மில் போனாலும் எதிர் வண்டிக்காரர் கண் கூசும். தனியாக ஓட்டும்போது 0, ஆள் கூடக் கூட எண்ணை ஏற்றினால் ஒளிக்கற்றை கீழே இறங்கும்.

ஹாலோஜன் ஹெட்லைட் மங்கலாக இருக்கிறதென்று உள்ளே எல்.இ.டி. பல்பைச் செருகுவது இன்னொரு வழக்கம். டிம், பிரைட் இரண்டுக்கும் ஒரே பல்பாக வரும் எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். மேலே சிதற வேண்டிய ஒளியை அதுதான் வெட்டுகிறது. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்தே வார்க்கப்பட்டது. எல்.இ.டி. சில்லு அதே புள்ளியில் அதே வடிவில் ஒளி தராததால் வெட்டுக்கோடு கலைந்து, கிட்டத்துச் சாலை வெளுத்து, எட்டத்தில் வெளிச்சம் குறையும். எதிரே வருபவர் குருடாவார். 60/55 வாட் (பிரைட்/டிம்) இருக்கும் இடத்தில் 100/90 போட்டால் டிம்மிலேயே ஒரு பல்புக்கு சுமார் 7.5 ஆம்பியர் ஓடும். பழைய வயரிங்குக்குப் பழக்கம் 4.6 அளவுதான். ஹோல்டர் உருகியபிறகு செலவு பல்பு விலையோடு நிற்காது. சரியான பல்பை மாற்றும்போதும் கண்ணாடிக் குமிழை விரலால் தொடக் கூடாது. தொட்ட இடத்தில் எண்ணெய் பட்டுச் சூடு குவிந்து பல்பு சீக்கிரம் போகும்.

வைப்பரைக் காய்ந்த கண்ணாடியில் ஓட விடாதீர்கள்

தூசி படிந்த கண்ணாடியில் வைப்பரைத் தட்டினால் ரப்பருக்கு அடியில் மணல் சிக்கி, அரை வட்டமாகக் கீறிவிடும். இந்தக் கீறல் பகலில் தெரியாது. இரவில் எதிர் வெளிச்சம் பட்டதும் வானவில் போல் தெரியும், கண்ணாடியை மாற்றும்வரை போகாது. லீவரை உங்கள் பக்கம் இழுத்து முதலில் தண்ணீர் அடியுங்கள்.

இந்தத் தண்ணீருக்கான வாஷர் டேங்கில் எதை ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். போர் தண்ணீரின் உப்பு, தண்ணீர் பீய்ச்சும் நாஸில் துளையில் படிந்து அடைக்கும். துணி சோப்பு நுரைத்துப் பிசுக்காகும். ஆர்.ஓ. தண்ணீரும் வாஷர் திரவமும் கலந்தால் சரி. அடைத்துவிட்டால் மெல்லிய ஊசியால் துளையைக் குத்தலாம். மூடியில் கண்ணாடியும் பீய்ச்சும் தண்ணீரும் வரைந்திருக்கும். அதைப் பார்க்காமல் கூலன்ட் டேங்கில் சோப்புத் தண்ணீர் ஊற்றியவர்கள் உண்டு. அப்படி நடந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். டேங்க் காலியான பிறகும் லீவரை இழுத்துப் பிடித்தால் மோட்டார் வறண்டு ஓடிப் பழுதாகும்.

நம் வெயிலுக்கு ரப்பர் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்தான் தாங்கும். வெயிலில் நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி வைப்பதால் ரப்பருக்கு நன்மைதான், ஆனால் கைப்பகுதியின் ஸ்பிரிங் நாள் முழுக்க இழுபட்டு நிற்கும். யாராவது தட்டினால் உலோகக் கை கண்ணாடியில் வந்து அடிக்கும். நிழலோ கவரோ மேல். சில கார்களில் வைப்பர் போனட் விளிம்புக்குள் பதுங்கியிருக்கும். அதை அப்படியே தூக்கினால் பெயின்ட் உரியும். பிளேடு மாற்றும்போது கண்ணாடி மேல் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். பல கார்களில் ஓட்டுநர் பக்க பிளேடு நீளம் அதிகம். இடம் மாற்றிப் பொருத்தினால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

ஆட்டோ வைப்பருக்கான மழைச் சென்சார் பெரும்பாலும் காருக்குள் நடுவில் இருக்கும் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியில் இருக்கிறது. ஃபாஸ்டேக்கை அதன்மேல் ஒட்டினால் வேலை செய்யாது. வாட்டர் வாஷுக்கு விடும்போது ஆட்டோவை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துடைக்கிறவர் கை மேல் வைப்பர் பாயும்.

ரிவர்ஸ் சென்சார் பீப் நின்றால் வழி விட்டதாக எண்ணாதீர்கள்

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் பின் சென்சார் கட்டாயம். பம்பரில் இருக்கும் அந்தப் பொட்டுகள் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கின்றன. 1 மீட்டர் தூரத்துச் சுவரிலிருந்து அது திரும்ப 6 மில்லிசெகண்டுக்கும் கொஞ்சம் குறைவு. ஒலி திரும்பினால்தான் சென்சாருக்குப் பொருள் தெரியும். மெல்லிய கம்பி, சங்கிலி, சாய்ந்த பரப்பு இவை ஒலியை வேறு திசைக்குத் தள்ளும். வைக்கோல், துணி, பஞ்சு விழுங்கிவிடும்.

தாழ்ந்த கல்லோ நடைபாதைத் திண்டோ மிக மோசம். எட்டத்தில் இருக்கும்போது பீப் கேட்கும். கிட்டே வந்ததும் அது ஒலிக்கற்றைக்குக் கீழே போய்விடும், பீப் நின்றுவிடும். கல் போய்விட்டது என்று நினைத்துப் பின்னே விட்டால் பம்பர் உடையும். தொடர்ந்து ‘பீ’ என்று ஒலிப்பது பொதுவாக 30 சென்டிமீட்டர் அளவில். அதற்குள் சென்சாருக்குக் கண் தெரியாத இடம் தொடங்குகிறது. அந்த ஒலி வந்ததும் நிறுத்த வேண்டும். சேறு படிந்தாலும், உரசல் வேலைக்குப் பிறகு பொட்டு மேல் தடிமனாகப் பெயின்ட் அடித்தாலும், கூடுதல் பம்பர் கார்டு பொருத்தினாலும் சென்சார் பொய் சொல்லும். பக்கத்தில் லாரி ஏர் பிரேக் ‘புஸ்’ என்றால் சும்மாவே கத்தலாம்.

கேமராவின் வண்ணக் கோடுகள் தரை சமமாக இருப்பதாக வைத்துப் போட்டவை. பின்னால் தரை மேலேறினால் பொருள் உள்ளதைவிடத் தூரமாகத் தெரியும். மேலேறும் சாய்தளத்தில் ரிவர்ஸ் எடுப்பவர் இடிப்பது இதனால்தான். லாரியின் பின்தட்டு போல உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் எதற்கும் இதே கதை. சக்கரம் தூரத்தில் இருப்பதாகக் கோடு காட்டிக்கொண்டிருக்கும்போதே தட்டு உங்கள் டிக்கிக் கண்ணாடியைத் தொட்டிருக்கும். பின்னால் லாரி நின்றால் ஒரு முறை இறங்கிப் பார்த்துவிட்டு எடுங்கள்.