ஓபன் ரான்: பூட்டும்போது சறுக்கும் இடங்கள்

கொழும்பு பம்பலப்பிட்டியில் கம்பியூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியவர்களுக்கு இந்தக் கதை தெரியும். திரை கறுத்துப் போனால் மதர்போர்ட் விற்றவர் ராம் பிழை என்பார். ராம் விற்றவர் பவர் சப்ளையைக் கைகாட்டுவார். நடுவில் நிற்பது நாம். கைபேசி வலையமைப்பைப் பல கம்பனிகளின் பெட்டிகளால் பூட்டும் ஓபன் ரானிலும் இதேதான், காசு மட்டும் பல மடங்கு.

கோபுரத்தில் இருக்கும் ரேடியோ, சமிக்ஞையைக் கணக்கிடும் கணினியான டியு (DU), அதற்கு மேலே நின்று நடத்தும் சியு (CU). இந்த வேலைகளெல்லாம் நெடுங்காலம் ஒரே கம்பனியின் பெட்டிகளுக்குள் நடந்தவை. இடையிலுள்ள இணைப்புகளைப் பொதுவாக்கி, ஆளுக்கொன்றாக வாங்க வழி செய்வதுதான் ஓபன் ரான். அதற்கான விதிகளை எழுதும் ஓ-ரான் அலையன்ஸ் 2018இல் தொடங்கப்பட்டது.

பெரிய தவறு, ‘ஓ-ரானுக்கு இணக்கமானது’ என்று தாளில் இருப்பதை நம்பிக் கையெழுத்து வைப்பது. ரேடியோவுக்கும் டியுவுக்கும் இடையிலான 7.2எக்ஸ் விதியில் விருப்பத் தெரிவுகள் நிறைய. ‘ஏ’ வகை ரேடியோவுக்கு ப்ரீகோடிங்கை, அதாவது சமிக்ஞையை அன்டெனாக்களுக்குப் பகிர்ந்தமைக்கும் கணக்கை, டியு செய்து கொடுக்க வேண்டும். ‘பி’ வகை தானே செய்துகொள்ளும். தரவைச் சுருக்கும் முறையிலும் தெரிவு உண்டு. இரண்டு பெட்டிகளும் விதிப்படியே இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று பேசாது! ஆகவே கேட்க வேண்டியது சான்றிதழை அல்ல. எந்த ரேடியோ, எந்த டியு, எந்த மென்பொருள் பதிப்பு, எந்தத் தெரிவுகளோடு சேர்த்துச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். ஒரு பக்கம் பதிப்பு மாறினால் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அந்தச் செலவு யாருடையது, அழைப்பு அறுந்தால் காரணம் தேடுவது யார் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

ஓபன் ரானுக்கு ஜப்பானின் ரகுட்டன் மொபைலை உதாரணம் காட்டுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 2020 ஏப்ரலில் அது சேவையைத் தொடங்கியபோது, ஏற்கெனவே ஓடும் சொந்த வலையமைப்பு எதையும் சுமக்கவில்லை. கொழும்பில் அப்படி வெறும் காணி கிடைக்காது.

அப்புறம் தூரம். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ 5 மைக்ரோசெக்கன் எடுக்கும். ரேடியோவுக்கும் டியுவுக்கும் இடையே ஒரு வழிக்கு 100 மைக்ரோசெக்கன் தாமதத்தை அனுமதித்தாலும் 20 கிலோமீட்டரோடு சரி. கொழும்புக் கோட்டையில் டியுவை வைத்து, அதைவிடத் தூரத்திலுள்ள நீர்கொழும்புக் கோபுரத்தை நடத்தலாம் என்று வரைபடம் போடாதீர்கள். கேபிள் வேறு நேர்கோட்டில் போவதில்லை. நேர ஒத்திசைவும் இதே கண்டிப்புத்தான்: அனுப்புவதும் பெறுவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும் டிடிடி (TDD) முறையில் பிசகு ±1.5 மைக்ரோசெக்கனுக்குள் இருக்க வேண்டும். நேரத்தைத் துல்லியமாகக் கடத்தாத சாதாரண நெட்வேர்க் சுவிட்சைப் போட்டுவிட்டு ரேடியோவைக் குறை சொல்லக்கூடாது.

மென்பொருளாக ஓடுவதெல்லாம் ஓபன் என்று நினைப்பதும் உண்டு. ஒரே கம்பனியின் மூடிய மென்பொருளும் எல்லா வேலைக்குமான பொது சர்வரில் ஓடும்.

கடைசியாக, மின்சாரம். ரேடியோ சமிக்ஞைக் கணக்குப் பொது சர்வருக்குப் பாரமான வேலை, சூடும் ஏறும். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர் இது. டியுவைக் கோபுரத்தடிப் பெட்டியில் வைப்பதானால், பற்றரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்கை விலைப்பட்டியலுக்கு முன்பே போட்டுப் பாருங்கள்.