கருவேப்பிலைப் புழுவின் குடலில் என்ன இருக்கிறது? தொட்டியும் டப்பாவும் வைத்து ஒரு சோதனை

மாட்டின் வயிற்றில் நுண்ணுயிர்கள் இல்லாவிட்டால் அது தின்ற சோளத்தட்டு செரிக்காது. இலை தின்னும் புழுவும் அப்படித்தான் என்று நினைப்போம். 2017இல் டோபின் ஹாமர் என்ற ஆய்வாளரின் குழு 124 வகைக் காட்டுப் புழுக்களின் எச்சத்தைச் சோதித்தபோது, பிற விலங்குகளோடு ஒப்பிட்டால் பாக்டீரியா மிக மிகக் குறைவாக இருந்தது. இருந்தவற்றிலும் பெரும்பகுதி இலையோடு உள்ளே போனவை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து கொடுத்து வளர்த்த புகையிலைக் கொம்புப்புழு வளர்ச்சியில் பின்தங்கவும் இல்லை.

காரணம் குடலின் அமைப்பு. நேரான குழாய், பாக்டீரியா தங்கிப் பெருகத் தனிப் பை கிடையாது, தின்றது சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். நடுக்குடலில் காரத்தன்மை பல புழுக்களுக்கு பிஎச் 10ஐத் தாண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் குடித்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் எத்தனை இருக்கும்?

அப்படியானால் குடலில் என்ன இருக்கும் என்பதை வெளியே இருக்கும் இலையும் மண்ணும்தான் பெரும்பாலும் தீர்மானிக்க வேண்டும். அதை வீட்டிலேயே பார்க்கலாம்.

படி 1: புழு. வீட்டுக் கருவேப்பிலை அல்லது எலுமிச்சைக் கன்றில் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்கும். சின்னதில் பறவை எச்சம் போலவே தெரியும், பெரிதானதும் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் விடும், பயப்பட வேண்டாம். ஒரே அளவில் எட்டுப் புழுக்கள் எடுங்கள். மயிர் உள்ள கம்பளிப்பூச்சியைத் தொடாதீர்கள், அரிக்கும். காரமடைப் பக்கம் தோட்டத்தில் விளைந்து சந்தைக்கு வரும் கருவேப்பிலையைப் போடவே வேண்டாம். மருந்து அடித்ததாக இருந்தால் புழு செத்துப்போகும்.

படி 2: இரண்டு அணி. நாலு புழுவைத் தொட்டிச் செடியிலேயே விட்டுக் கொசுவலையால் மூடிக் கட்டுங்கள். மற்ற நாலையும் சுத்தமான டப்பாவில் போட்டு, அதே செடியின் இலையைப் பறித்துக் கொடுங்கள். மூன்று நாள் போகட்டும். செடி ஒன்றுதான், இலையும் ஒன்றுதான். ஓர் அணிக்கு மண் பக்கத்தில் இருக்கிறது, மற்றதற்கு இல்லை. 2019இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் முட்டைக்கோசு அந்துப்பூச்சியின் புழுவை வைத்து இதைத்தான் செய்தார்கள். முழுச் செடியில் மேய்ந்தவற்றின் பாக்டீரியா மண்ணை ஒத்திருந்தது. பறித்த இலை தின்றவற்றில் இலையை ஒத்து, வகையும் குறைந்திருந்தது. இலை தின்னும் புழுவுக்கு மண்ணிலிருந்து வருகிறது என்றால் நம்மூர் செம்மண்ணும் கரிசலும் என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

படி 3: தட்டு. பாக்டீரியாவைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்க்க, சத்துள்ள கூழ் உறைந்த தட்டு வேண்டும். எலும்பு சூப்பைக் கொழுப்பு நீக்கி வடித்த சாறு 200 மில்லி. சைவ வீடென்றால் பாசிப்பருப்பு வேகவைத்து வடித்த தண்ணீர். அதில் கூழை உறைய வைக்க மளிகைக் கடை சைனா கிராஸ் (அகர்) 4 கிராம், அரை டீஸ்பூன் சர்க்கரை, சிட்டிகை உப்பு. கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, வாயை அலுமினியத் தாளால் மூடி, பிரஷர் குக்கரில் ஆவி நன்றாக வந்தபின் 20 நிமிடம் வையுங்கள். கொஞ்சம் தண்ணீர், பல்குச்சி, பஞ்சுக்குச்சிகளையும் மூடிக் கட்டி அதனுடனேயே வைத்துவிடலாம். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பெட்ரி தட்டுகளில் (மூடியுள்ள தட்டையான ஆய்வகக் கிண்ணம்) ஊற்றி மூடுங்கள்.

படி 4: மாதிரி. புழுவைத் தனித்தனிச் சுத்தமான கிண்ணத்தில் விட்டுக் காத்திருங்கள். விழுந்த உடனே எச்ச உருண்டையைப் பல்குச்சியால் எடுத்து, குக்கரில் கொதித்து ஆறிய தண்ணீரில் மசித்துப் பஞ்சுக்குச்சியால் தட்டில் பூசுங்கள். அசையாமல், தின்னாமல் நிற்கும் புழு தோலுரிக்கப் போகிறது, அதை விட்டுவிடுங்கள். தோலுரிக்கும்போது முன்குடல், பின்குடல் இரண்டின் உள்பூச்சும் கழன்றுவிடும். கூட்டுப்புழுவாகும் முன் குடலைக் காலி செய்து நீர்த்த எச்சம் போடும் புழுவையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இன்னும் மூன்று தட்டுகள் கட்டாயம்: இலையைக் கழுவிய நீர், தொட்டி மண் கரைத்த நீர், வெறும் கொதித்த நீர். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் எச்சத் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு ‘புழுவின் குடல் பாக்டீரியா’ என்று எழுதி வைத்திருப்பார்கள். அது இலையில் இருந்ததா, குடலில் வளர்ந்ததா? பக்கத்தில் இலைத் தட்டு இல்லாமல் சொல்லவே முடியாது.

படி 5: பார்ப்பது. ஓரத்தை டேப்பால் ஒட்டி, கவிழ்த்து, நிழலில் மூன்று நாள். சூடான இடம் வேண்டாம்; மனித உடம்பில் வளரும் கிருமிகளுக்கு அது வசதி. திறக்காமலே பாருங்கள்.

வெறும் நீர்த் தட்டில் ஏதாவது முளைத்திருந்தால் மொத்தத்தையும் தூக்கிப் போட்டு மறுபடி செய்யுங்கள். இல்லையென்றால் தட்டில் முளைத்த புள்ளிகளின் (ஒவ்வொன்றும் ஒரு பாக்டீரியாக் கூட்டம்) நிறம், ஓரம், பளபளப்பு இவற்றை ஒப்பிடுங்கள். பஞ்சு போலிருப்பது பூஞ்சை, கணக்கில் வேண்டாம். எச்சத்தில் இருப்பவை இலையிலும் இருந்தால் அவை வழிப்போக்கர்களாக இருக்கலாம். தொட்டிப் புழுவின் தட்டு மண் தட்டைப் போலிருந்தால் சுவாரசியம். ஆனால் தட்டில் வளராத பாக்டீரியாக்கள் ஏராளம். பெயர் சொல்ல டிஎன்ஏ பார்க்க வேண்டும்.

எல்லாப் புழுவும் வெறும் குழாய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் கொட்டமுத்துச் (ஆமணக்கு) செடியை மொட்டையடிக்கும் புரொடீனியாப் புழுவின் நெருங்கிய உறவான ஸ்போடாப்டெரா லிட்டோராலிஸின் குடலில், என்டரோகாக்கஸ் முன்டீ என்ற பாக்டீரியா முன்டிசின் என்ற பொருளைச் சுரந்து மற்றவற்றை அடக்கித் தானே கோலோச்சுகிறது.

முடிந்ததும் தட்டுகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஓர் இரவு மூழ்க வைத்து அப்புறம் குப்பையில் போடுங்கள். புழுக்களைப் பழைய செடியிலேயே விட்டுவிடலாம். அடுத்த முறை ஒரு தொட்டியில் பல்லடத்துச் செம்மண், இன்னொன்றில் கரிசல் என்று நிரப்பி, ஒரே வயதுக் கன்று வைத்துத் தொடங்குங்கள்.